கூடைக்குள் ஒரு காகிதப் பொட்டலம்

மாங்காய்க் கூடையின் அடியில் வைக்கோல் இருக்கலாம், பழைய செய்தித்தாள் இருக்கலாம். சாம்பல் நிறக் கல்லைப் பொதிந்த சிறு காகிதப் பொட்டலம் இருந்தால் அது குற்றம். சந்தையில் அதற்குப் பெயர் வெறும் 'கல்'. "கல்லு வச்ச பழம்" என்று வாங்குகிறவர்கள் முகம் சுளிப்பது இதைப் பற்றித்தான். வெல்டிங் பட்டறைக்கு உரிய கால்சியம் கார்பைடு அது. காயின் ஈரமும் காற்றின் ஈரமும் பட்டவுடன் அசிட்டிலீன் வாயுவைக் கக்கும். கூடைக்குள் சூடு ஏறும். ஓரிரு நாளில் தோல் மஞ்சளாகிவிடும்.

அதே மாங்காயை எத்திலீன் வாயு செலுத்திய அறையில் அடுக்கிப் பழுக்க வைத்தால் சட்டம் குறுக்கே நிற்பதில்லை. இரண்டும் ஒரே வேதிக் குடும்பத்து வாயுக்கள். ஒன்றுக்குத் தடை, மற்றதற்கு அனுமதி. இந்த வித்தியாசம் தெரியாததால் "எல்லாம் மருந்து போட்ட பழம்தான்" என்று வாடிக்கையாளர் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்கிறார். பல லட்சம் செலவழித்துப் பழுக்கும் அறை கட்டிய வியாபாரிக்கும், சில ரூபாய்க் கல்லைச் செருகியவருக்கும் ஒரே ஏச்சு கிடைக்கிறது. கல் வைப்பவருக்கு இதைவிடச் சாதகமான நிலைமை வேறில்லை.

வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளப் பள்ளி வேதியியலுக்குக் கொஞ்சம் திரும்ப வேண்டும். கார்பன் அணுவுக்கு நான்கு கைகள் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு கார்பன் அணுக்கள் ஆளுக்கொரு கையால் கோத்துக்கொண்டு, மீதி மூன்று மூன்று கைகளில் ஹைட்ரஜனைப் பிடித்திருந்தால் அது ஈத்தேன். இனி யாரையும் சேர்த்துக்கொள்ள இடமில்லை, எனவே நிறைவுற்றது. சமையல் எரிவாயுவில் உள்ள புரோப்பேனும் பியூட்டேனும் இந்த வகைதான். கார்பன்கள் இரண்டு கைகளைக் கோத்து, நான்கு ஹைட்ரஜனோடு நின்றால் எத்திலீன். பாடநூலில் இதற்கு ஈத்தீன் என்று பெயர். மூன்று கைகளைக் கோத்து, இரண்டே ஹைட்ரஜனோடு நின்றால் அசிட்டிலீன், அதாவது ஈத்தைன். பின்னவை இரண்டும் நிறைவுறா ஹைட்ரோகார்பன்கள். கூடுதலாகக் கோத்த கை எளிதில் அவிழ்ந்து வேறொன்றைப் பற்றிக்கொள்ளும். மேல்நிலைப்பள்ளி ஆய்வகத்தில் புரோமின் நீரின் செம்பழுப்பு நிறம் மறைவது இதனால்தான். எத்திலீன் மூலக்கூறுகள் கையை அவிழ்த்து ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்துக்கொண்டால் கிடைப்பது பாலித்தீன் பை.

பழுப்பதும் இந்தக் கையின் வேலையே. எத்திலீன் என்பது மா, வாழை போன்றவை தாமே சுரக்கும் ஹார்மோன். பழத்தின் செல்லில் செம்பு அயனி பதிந்த ஒரு புரதம் பூட்டைப் போலக் காத்திருக்கிறது. எத்திலீனின் இரட்டைப் பிணைப்பு அதில் சாவியாகப் பொருந்தியவுடன் மாவுச்சத்து சர்க்கரையாகிறது, பச்சையம் சிதைகிறது, மணம் எழுகிறது. 1901இல் ரஷ்யாவின் நெல்யூபோவ், விளக்கு வாயுவில் இருந்த எத்திலீன்தான் பட்டாணி நாற்றுகளைக் கோணலாக வளர வைத்தது என்று காட்டினார். 1934இல் இங்கிலாந்தின் ரிச்சர்டு கேன், ஆப்பிள் தானே எத்திலீனை வெளிவிடுவதை நிரூபித்தார். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நம் வீடுகளில் அரிசிப் பானைக்குள் மாங்காயைப் புதைத்தார்கள்; வாழைத்தாருக்கு மூட்டம் போட்டார்கள். பானை, காய் சுரந்த எத்திலீனைச் சிறைப்பிடித்தது. மூட்டத்தின் புகையிலும் எத்திலீன் இருந்தது. பெயர் தெரியாமலே அந்த வாயுவைக் கையாண்டவர்கள் அவர்கள்.

அசிட்டிலீன் இந்தப் பூட்டுக்குக் கள்ளச்சாவி. அதன் முப்பிணைப்பும் ஓரளவு பொருந்தும்; ஆனால் எத்திலீனைவிடப் பல மடங்கு அதிகம் தேவைப்படும். முற்றாத காயில் வைத்தால் தோல் மஞ்சளாகும், உள்ளே சர்க்கரை ஏறாது. பருவம் தொடங்கும் முன்பே வந்து, பார்க்கப் பளிச்சென்றும் தின்றால் புளிப்பாகவும் இருக்கும் பழம் இப்படியும் உருவாகிறது.

புளிப்பு மட்டும் என்றால் தடை தேவைப்பட்டிருக்காது. சுட்ட சுண்ணாம்பையும் கற்கரியையும் மின் உலையில் உருக்கிச் செய்யப்படும் தொழிற்சாலைக் கல் இது. உணவுக்காகச் சுத்திகரிக்கப்படுவதில்லை. பாஸ்பரஸ், ஆர்செனிக் கலப்புகள் அதில் சிறிதளவு இருக்கும். ஈரம் பட்டால் அவை பாஸ்பீன், ஆர்சீன் என்ற நச்சு வாயுக்களாக வெளிவரும். கார்பைடுக்கு அருகில் அடிக்கும் பூண்டு நெடி முக்கியமாக பாஸ்பீனுடையது. கல் பழத்தை நேரடியாகத் தொட்டுக் கிடந்தால் அதன் துகளும் தோலில் ஒட்டும். தலைச்சுற்றல், அடிக்கடி தாகம், எரிச்சல், விழுங்குவதில் சிரமம், வாந்தி, தோல் புண் ஆகியவை வரலாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் எச்சரிக்கிறது. ஒரு பழம் தின்றதும் உயிர் போய்விடும் என்று பயமுறுத்தத் தேவையில்லை. தேவையற்ற நஞ்சைத் தட்டில் வைக்க யாருக்கும் உரிமை இல்லை என்பதே போதுமான காரணம்.

தின்பவரைவிட முதலில் ஆபத்தில் இருப்பவர் கிடங்கில் கல்லைப் பொட்டலம் கட்டும் கூலித் தொழிலாளி. இதைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு. வியர்த்த கையில் கார்பைடுத் தூள் பட்டால் அங்கேயே வினை தொடங்கிவிடும். வெப்பமும் சுண்ணாம்பும் சேர்ந்து தோலைச் சுடும். மூடிய அறையில் அசிட்டிலீன் தேங்கினால் இன்னும் மோசம். காற்றில் 2.5 சதவீதம் கலந்தாலே அது வெடிக்கும் கலவை. மின்விளக்குச் சுவிட்சின் பொறி போதும். இந்த வாயுவின் மூர்க்கத்தை 2025 தீபாவளி காட்டியது. பிளாஸ்டிக் குழாயில் கார்பைடும் நீரும் சேர்த்து வெடிக்கும் 'கார்பைடு துப்பாக்கி'யால் மத்தியப் பிரதேசத்தில், குறிப்பாக போபால் பகுதியில், ஏராளமான சிறுவர்களின் கண்கள் காயமடைந்தன. சிலருக்குப் பார்வையே பறிபோனது. அதைப் பொம்மை என்று நினைத்து வாங்கிக் கொடுத்த பெற்றோர்களும் இருந்தார்கள்.

கல் உடலில் பட்டால் உலர்ந்த துணியால் முதலில் துகளைத் தட்டிவிட வேண்டும். அதன் பிறகே தண்ணீர், அதுவும் நிறைய, ஓடும் நீராக. கண்ணில் பட்டால் தேய்க்கக் கூடாது. விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். கார்பைடு மூட்டை தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றுவது எரிபொருள் ஊற்றுவதற்குச் சமம். உலர்ந்த மணல்தான் கைகொடுக்கும்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் (விற்பனைத் தடை மற்றும் கட்டுப்பாடு) ஒழுங்குமுறைகள், 2011இன் 2.3.5ஆம் பிரிவு, கார்பைடு வாயு எனப்படும் அசிட்டிலீனால் செயற்கையாகப் பழுக்க வைத்த பழத்தை விற்பதையும் விற்பனைக்கு வைப்பதையும் தடை செய்கிறது. தின்றவருக்கு நோய் வந்ததா என்று இந்தப் பிரிவு கேட்பதில்லை, செய்கையே தவறு. எத்திலீனோ, பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு வரை அனுமதிக்கப்பட்டது. எத்திலீனை வெளிவிடும் தூளைப் பொட்டலமாக வைத்தாலும் அது பழத்தைத் தொடக் கூடாது. எத்திலீனைத் தரும் எத்திஃபான் என்ற வேதிப்பொருளின் கரைசலில் பழத்தை முக்கி எடுப்பதற்கும் அனுமதி கிடையாது.

கையில் உள்ள பழம் கல் வைத்ததா என்று வீட்டில் உறுதியாகச் சொல்ல வழியில்லை. சீரான மஞ்சள் நிறம் எத்திலீன் அறையிலும் வரும். தண்ணீரில் மிதக்கிறதா, மூழ்குகிறதா என்ற சோதனையும் சான்று ஆகாது. அசிட்டிலீனும் காற்றில் பறந்துவிடும். இந்தச் சிக்கல் அதிகாரிகளுக்கும் உண்டு. அதனால்தான் கிடங்கில் அல்லது பழப்பெட்டியருகே கார்பைடு இருப்பதையே சந்தர்ப்பச் சாட்சியமாகக் கொண்டு, உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 2006இன் 59ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடரலாம் என்று ஆணையம் 2025இல் அறிவித்தது. ஆகவே புகார் கொடுப்பவர் பழத்தின் நிறத்தை வர்ணிப்பதைவிட, எந்தக் கிடங்கு, எந்த நேரம், பொட்டலத்தை எங்கே பார்த்தார் என்று எழுதுவதே பலன் தரும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் நேரில் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இரண்டு உரிமைகள் பலருக்குத் தெரிவதில்லை. உணவால் பாதிப்பு ஏற்பட்டால் அதே சட்டத்தின் 65ஆம் பிரிவு இழப்பீட்டுக்கு வழிசெய்கிறது: மரணத்துக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை. இதற்கு மருத்துவச் சீட்டும் கடை ரசீதும் கைவசம் இருப்பது நல்லது. ரசீது கேட்டு வாங்கும் பழக்கம் இங்கே உதவும். இரண்டாவது, 40ஆம் பிரிவு. பழம் வாங்கும்போதே "இதைப் பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் நுகர்வோர் யாரும் கொடுத்துச் சோதிக்கலாம். விதிமீறல் உறுதியானால் அறிக்கை நியமன அலுவலரின் நடவடிக்கைக்குப் போகும். செலுத்திய கட்டணம் வாங்கியவர் கைக்கே திரும்ப வரும்.