படலை திறவாக் கணினி: லினக்ஸ் பணிமேடையின் பிணியும் பரிகாரமும்

ஊரிலே ஒரு வீட்டிற்குச் செல்கின்றோம். படலையைத் தள்ளுகின்றோம், திறவவில்லை. அவ்வளவில் வீடு இடிந்துபோயிற்று என்று முடிவுசெய்து, புதுவீடு கட்ட எவரும் முற்படுவதில்லை. கொளுக்கி இறுகியதோ, மண் குவிந்து தடுத்ததோ என்று பார்ப்போம். அதுவும் தெரியாவிடின் வேலிப்பொட்டால் உள்ளே நுழைந்து பார்ப்போம். ஆனால், கணினியின் படலை திறவாதபோது மாத்திரம் நம்மிற் பலர் வீட்டை இடிக்கவே விரைகின்றனர். கடவுச்சொல்லைக் கொடுத்த பின்னர்த் திரை ஒரு கணம் இருண்டு, மீண்டும் கடவுச்சொல்லையே கேட்டு நிற்கின்றது. உடனே, "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுக" என்கின்றோம். இவ்விரைவு தவறானது என்பதையும், லினக்ஸ் முறைமையில் இக்குற்றம் எங்ஙனம் தோன்றுகின்றது, எங்ஙனம் தேடிக் களையத்தக்கது என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதுதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியராகிய நண்பர் ஒருவர், தம் ஊரின் குறிச்சிப் பெயர்கள், குளங்களின் பெயர்கள், முதியோர் வாயில் வழங்கிய தோட்டச் சொற்கள் ஆகியவற்றைப் பல ஆண்டுகளாகத் தம் கணினியில் தொகுத்து வந்தார். ஒருநாட் காலை அக்கணினி அவரை உட்செல்ல விடவில்லை. தொலைபேசியில் என்னைக் கேட்டார். யான் சிறிதும் ஆராயாது, மீள நிறுவும்படி சொன்னேன். அவ்வாறே செய்வித்தார். கணினி திறந்தது, தொகுப்பு இல்லை. வேறு பிரதியும் இல்லை. சில மாதங்களின் பின் என் கணினியே அவ்வண்ணம் நின்றபோதுதான் பொறுமையாகத் தேடினேன். வன்வட்டு நிரம்பியிருந்தது, அவ்வளவே. வேண்டாத கோப்புகளை நீக்க ஐந்து நிமிடங்கள் சென்றன. நண்பரின் கணினிக்கும் அதுவே நேர்ந்திருக்கலாம். அவருக்கு அச்சொற்களைச் சொல்லிய முதியோருட் சிலர் இன்று உயிருடன் இல்லை.

லினக்ஸின் கருவை 1991 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் உலகிற்கு அறிவித்தவர், பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் ரோர்வால்ட்ஸ். அக்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்வழங்கல் இல்லை. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். இன்று அந்த லினக்ஸ், விலையின்றிப் பெறத்தக்கதாகவும், பழைய கணினிகளிலும் இயங்கத்தக்கதாகவும் இருத்தலின், நம் மாணவர்க்குப் பெரிதும் உதவுகின்றது. ஆயினும், கருவியைப் பெறுதல் ஒன்று. அது பழுதுற்றபோது கலங்காதிருத்தல் மற்றொன்று.

முதலில் கணினி விழித்தெழும் முறையை அறிதல் வேண்டும். மின்விசையை அழுத்தியதும் முறைமையின் கரு நினைவகத்தில் ஏற்றப்படுகின்றது. கரு எழுந்தபின், சிஸ்ரம்-டி போன்றதொரு மேலாளர் ஏனைய பணிகளை எழுப்புகின்றது. அவற்றுள் ஒன்று காட்சி முகாமை. ஜி.டி.எம்., எஸ்.டி.டி.எம்., லைற்-டி.எம். என்பன அவ்வகையின. நம் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்பது இதுவே. கடவுச்சொல் ஒத்துக்கொள்ளப்பட்டபின், நமக்கென ஓர் அமர்வு தொடங்கி, 1996 இல் தோன்றிய கே.டி.ஈ., 1997 இல் தோன்றிய க்னோம் முதலிய பணிமேடைகளுள் ஒன்று எழுகின்றது. ஆகவே, கடவுச்சொல்லைக் கேட்கும் திரையும் அதன் பின்வரும் பணிமேடையும் வெவ்வேறு நிரல்கள். கடவுச்சொல் பிழையாயின் திரை அதனை வெளிப்படையாகச் சொல்லும். அங்ஙனம் சொல்லாது, ஒரு கணம் இருண்டு மீளுமாயின், கடவுச்சொல் சரியானது. எழவேண்டிய பணிமேடையே எழும்போது வீழ்ந்தது என்பது பொருள். கருவும் நலமே, வன்வட்டிலுள்ள நம் கோப்புகளும் பெரும்பாலும் நலமே.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், பிணியை இன்னதென அறிந்து, அதன் காரணத்தைத் தேடி, அதன் பின்னரே பரிகாரத்தில் இறங்குமாறு கூறுகின்றது. ஈண்டும் அந்நெறியே தக்கது.

படலை மூடியிருப்பினும், லினக்ஸில் வேலிப்பொட்டு ஒன்று எப்பொழுதும் உண்டு. விசைப்பலகையில் கொன்ட்ரோல், ஆல்ற், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துக. படங்களற்ற எழுத்துத் திரையொன்று தோன்றிப் பெயரைக் கேட்கும். பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டுக. கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் ஒன்றும் தோன்றாது, அதுகண்டு மயங்கவேண்டா. உள்ளே செல்ல முடிந்ததாயின், பாதி ஐயம் தீர்ந்தது. கட்டளைகளை இங்கே ஒலிபெயர்த்து எழுதுகின்றேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துக்களையே தட்டுக.

தமிழில் கணினியை அமைத்திருப்போர் இரண்டு செய்திகளை நினைவிற்கொள்ளல் வேண்டும். முதலாவது, விசைப்பலகை ரெங்கநாதன் தமிழ் அமைப்பில் நின்றுவிட்டால், சரியான கடவுச்சொல்லும் பிழையென்றே மறுக்கப்படும். ஆங்கில அமைப்பிற்கு மாற்றிப் பார்க்குக. இரண்டாவது, எழுத்துத் திரை ஆகக்கூடியது 512 எழுத்துருவங்களையே தாங்கவல்லது. தமிழெழுத்துக்களைக் கூட்டி வடிவமைக்கவும் அதற்கு இயலாது. எனவே தமிழ்ச் செய்திகளும் தமிழ்க் கோப்புப் பெயர்களும் வெறுங்கட்டங்களாகத் தோன்றும். கோப்புகள் கெட்டுவிட்டன என்று அஞ்சற்க. 'லாங்' என்னும் சொல்லைப் பேரெழுத்துக்களில் தட்டி, சமக்குறியிட்டு, ஆங்கிலப் பேரெழுத்துச் 'சி'யை இட்டு, முன்னே 'எக்ஸ்போர்ட்' என்று சேர்த்தால், அவ்வமர்வில் செய்திகள் ஆங்கிலத்தில் வரும்.

எதனையும் மாற்றுமுன் நம் ஆக்கங்களைப் பாதுகாத்தல் முதற்கடமை. நேரடியாக இயங்கும் லினக்ஸ் அடங்கிய யூ.எஸ்.பி. கோலொன்றினால் கணினியை எழுப்பி, நிறுவாமலே, வீட்டுக் கோப்புறையை வேறொரு வட்டிற்குப் பிரதிசெய்துகொள்ளலாம். வன்வட்டு மறைகுறியிடப்பட்டிருப்பின் அதற்குரிய திறவுச்சொல் வேண்டும். இதனைச் செய்து முடித்தவர்க்கு அச்சம் நீங்கும். அச்சம் நீங்கியவரே ஆராய வல்லார்.

இனி ஆராய்ச்சி. முதலாவது, இடம் உண்டோ என்று பார்த்தல். 'டிஸ்க் ஃப்ரீ' என்பதன் முதலெழுத்துக்களாகிய டி.எஃப். என்பதே கட்டளை. அதன்பின் ஓர் இடைவெளியும் சிறுகோடும் எச். என்னும் எழுத்தும் இட்டால் அளவுகள் எளிதில் விளங்கும். ஒரு பிரிவு நூற்றுக்கு நூறு நிரம்பியதென்று காட்டின், காரணம் பெரும்பாலும் அதுவே. பணிமேடை எழும்போது சில சிறு கோப்புகளை எழுதுதல் வேண்டும். எழுத இடமில்லையாயின் வீழ்கின்றது. அவ்வாறாயின் கணினி மாத்திரம் எப்படி எழுந்தது என்று வினவலாம். ஈ.எக்ஸ்.ரி.4 என்னும் கோப்பு முறைமை, நூற்றுக்கு 5 பங்கு இடத்தை ரூற் என்னும் முதன்மைப் பயனருக்கென வழமையாக ஒதுக்கிவைக்கின்றது. முறைமை அதனைக்கொண்டு எழுகின்றது. நாம் வெளியே நிற்கின்றோம். குப்பைக் கோப்புறையையும், பதிவிறக்கித் தேங்கிய பொதிகளையும் நீக்கினால் படலை திறக்கும்.

இரண்டாவது, உரிமை யாருடையது என்று பார்த்தல். எக்ஸ் என்னும் காட்சி முறையில், நம் வீட்டுக் கோப்புறையிலுள்ள 'எக்ஸ் ஓதொரிற்றி' என்னும் மறைகோப்பு ஓர் அனுமதிச்சீட்டுப் போன்றது. சூடோ என்னும் முதன்மை அதிகாரத்துடன் படமுக நிரலொன்றை எப்பொழுதோ இயக்கியிருப்பின், அச்சீட்டு ரூற்றின் பெயருக்கு மாறியிருத்தல் கூடும். தன் வீட்டுச் சீட்டைத் தான் தொடமுடியாத நிலை அது. கோப்புகளைப் பட்டியலிட்டு உரிமையாளர் பெயரைக் காண்க. மாறியிருப்பின், சி.எச்.ஓ.டபிள்யூ.என். என்னும் கட்டளையால் மீட்டுக்கொள்க.

மூன்றாவது சோதனை மிக்க பயன் தருவது. 'சூடோ அட்யூசர்' என்னும் கட்டளையாற் புதிய பயனர் ஒருவரை உண்டாக்கி, அவர் பெயரால் உட்புகுந்து பார்க்குக. கொன்ட்ரோல், ஆல்ற், எஃப்1 ஆகியவற்றை அழுத்தினால் பெரும்பாலும் புகுபதிகைத் திரைக்கு மீளலாம். புதியவர் தடையின்றிச் செல்வாராயின், முறைமை நலம். குற்றம் நம் சொந்த அமைப்புகளில் உள்ளது. அவரும் தடுக்கப்படின், குற்றம் முறைமையில் உள்ளது. ஒரே சோதனையால் தேடவேண்டிய நிலம் பாதியாகின்றது.

குற்றம் நம் அமைப்பில் ஆயின், 'கொன்ஃபிக்' என்னும் மறைகோப்புறையை ஐயுறுக. முந்திய வெளியீட்டிற்கென எழுதப்பட்ட க்னோம் நீட்சியொன்று புதிய வெளியீட்டில் பணிமேடையை வீழ்த்துதல் உண்டு. 'புரொஃபைல்' என்னும் மறைகோப்பில் நாம் எழுதிய தவறான ஒரு வரியும் அங்ஙனம் செய்யும். ஐயத்திற்குரியதை அழிக்கற்க, பெயரை மாத்திரம் மாற்றி, மீண்டும் புகுந்து பார்க்குக. பெயர் மாற்றல் மீளத்தக்கது, அழித்தல் மீளாதது.

குற்றம் முறைமையில் ஆயின், அண்மையில் நிகழ்ந்த இற்றைப்படுத்தலை நினைவுகூர்க. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டதை மறந்திருக்கமாட்டோம். இற்றைப்படுத்தலின் நடுவே மின் நின்றால், பொதிகள் பாதி நிறுவப்பட்ட நிலையிற் கிடக்கும். டெபியன், உபுண்டு வழியின முறைமைகளில், 'சூடோ டி.பி.கே.ஜி.' என்பதன்பின் இரட்டைச் சிறுகோட்டுடன் 'கொன்ஃபிகர்' என்பதையும், ஒற்றைச் சிறுகோட்டுடன் ஏ. என்னும் எழுத்தையும் இட்டால், விட்ட பணி தொடர்ந்து முடியும். புதிய கருவுக்கும் என்விடியா போன்ற காட்சிச் சாதனத்தின் இயக்கிக்கும் இணக்கமின்மை மற்றொரு காரணம். கணினி எழும்போது கிரப் பட்டியலிற் பழைய கருவைத் தெரிவுசெய்து பார்க்குக. அதனால் எழுந்தால் காரணம் வெளிப்பட்டது. புகுபதிகைத் திரையின் பற்சக்கரக் குறியை அழுத்தி, வேலண்ட் முறைக்குப் பதிலாக எக்ஸ் முறையைத் தெரிவதும் சிலவிடத்துப் பயன்படும். ஆயின், 2025 இல் வெளிவந்த உபுண்டு 25.10 இல் க்னோமிற்கு அத்தெரிவு நீக்கப்பட்டுவிட்டது.

இவையனைத்திற்கும் சாட்சி கணினியின் நிகழ்வுக் குறிப்பேடு. அதிபரின் மேசையிலிருக்கும் சம்பவத்திரட்டுப் புத்தகத்தை ஒப்ப, நிகழ்ந்தவற்றை நேரத்துடன் கணினி எழுதிவைக்கின்றது. 'ஜேர்னல்' என்னும் சொல்லுடன் சி.ரி.எல். என்னும் மூன்றெழுத்துக்களை ஒட்டித் தட்டினால் அது திறக்கும். 'பூற்' என்பதன் முதலெழுத்தைச் சிறுகோட்டுடன் சேர்த்தால் இம்முறை எழுந்தபின் நிகழ்ந்தவை மாத்திரம் தோன்றும். இடமில்லை என்பதும், அனுமதி மறுக்கப்பட்டது என்பதும், செக்மென்ரேஷன் ஃபோல்ற் என்பதும் தேடவேண்டிய தொடர்கள். இறுதியாகச் சொல்லப்பட்டது, ஒரு நிரல் தனக்குரியதல்லாத நினைவகத்தைத் தொட முயன்றமையால் நிறுத்தப்பட்டது என்பதன் அடையாளம். எந்த நிரல் என்பதும் அவ்வரியிலேயே இருக்கும்.

மாணவர்கள் இவற்றுள் ஒவ்வொரு கட்டளையையும் மனனஞ் செய்யவேண்டும் என்பதில்லை. ஒன்று மாத்திரம் நெஞ்சில் நிற்றல் வேண்டும்: திறவாத படலை, இடிந்த வீடு அன்று. நேற்று என்ன மாற்றினோம் என்று கேட்டு, ஒருகால் ஒன்றை மாத்திரம் மாற்றி, செய்ததைத் தாளிற் குறித்துச் செல்பவர் பெரும்பாலும் வழிகாண்பர். முடிவில் மீள நிறுவவே நேரினும், பிரதி எடுத்தபின் நிறுவுதல் தோல்வி ஆகாது.

இம்மண்ணில் வாழ்வோர்க்குப் பிரதியின் அருமையை எடுத்துக் கூறவும் வேண்டுமோ? 1981 ஆம் ஆண்டு மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில், யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் அவற்றுடன் மறைந்தன. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், நம் எழுத்துக்களைப் பிரதிசெய்து காக்கும் அரும்பணியை ஆற்றிவருகின்றது. பிறர் கொளுத்திய தீயை நாம் தடுக்க இயலாதிருந்தோம். ஆராயாத அவசரத்தால் நாமே அழிப்பதையேனும் தடுக்கலாம். பழைய மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் கணினியிலுள்ள ஊர்க்குறிப்புகள், பழைய மலர்கள், நிழற்படங்கள் ஆகியவற்றுக்கு இன்றே பிரதி எடுத்து, ஒன்றை வீட்டிலும், ஒன்றைக் கடல்கடந்து வாழும் உறவினர் அல்லது கல்லூரித் தோழரிடத்தும் வைப்பாராக. என் நண்பருக்கு யான் அன்று சொல்லத் தவறிய புத்திமதி இதுவே.