எரர் வராத தப்பு: மேப்பிளிலிருந்து சிம்பைக்கு

பழைய மேப்பிள் ஃபைல் ஒன்றைப் போன மாதம் சிம்பைக்கு மாற்றினேன். மேப்பிள் காசு கொடுத்து வாங்குகிற மென்பொருள். என் லைசென்ஸ் காலம் முடிந்துவிட்டது. சிம்பை பைத்தானுக்குள் இயங்கும் இலவச, திறமூல நூலகம். இரண்டுமே எண்களை மட்டுமில்லாமல் குறியீடுகளையும் வைத்துக் கணக்குப் போடும்: சூத்திரத்தை விரிக்கும், வகையிடும், தொகையிடும். ஒன்றுக்கு எழுதினதை இன்னொன்றுக்கு மாத்துறது ஒரு சாயங்கால வேலைதானேன்னு நினைச்சேன். வேலை அப்படியே முடிந்தது. அதில் தப்பு இருக்குன்னு தெரியத்தான் ஒரு வாரம் ஆச்சு.

கண்ணுக்குத் தெரிகிற சிக்கல்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மேப்பிளில் 2^3 என்றால் 8. பைத்தானில் அந்தக் குறிக்கு அடுக்கு என்று அர்த்தமே இல்லை; அது பிட்களை ஒப்பிடும் வேலை, விடை 1. அடுக்குக்கு  போடணும். மேப்பிளில் 1/2 என்பது துல்லியமான பின்னம். பைத்தான் அதை சிம்பை பார்ப்பதற்கு முன்பே 0.5 என்று தசமமாக்கிவிடும். இதெல்லாம் தொல்லைதான், ஆனால் விடையைப் பார்த்தாலே ஏதோ சரியில்லைன்னு தெரிஞ்சிடும். திருத்திவிட்டுப் போகலாம்.

என்னை மாட்டிவிட்டது வேறு. ஃபைலில் இருந்தது தனி ஊசல் கணக்கு. அலைவு நேரம் வீச்சைப் பொறுத்ததில்லை என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். சின்னக் கோணத்துக்கு மட்டும்தான் அது சரி. பெரிய கோணத்துக்கு இழுத்துவிட்டால் நேரம் கூடும். எவ்வளவு என்று சொல்ல, முதல் வகை முழு நீள்வட்டத் தொகையீடு வேண்டும். இரண்டு மென்பொருளிலும் அதற்குத் தயாராக ஒரு சார்பு இருக்கிறது, பெயரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெயரை மட்டும் மாற்றினேன். ஓடியது, எரர் இல்லை.

சோதிக்காமலும் இல்லை. கோணத்தை 0 ஆக்கினேன், பள்ளிச் சூத்திரம் அப்படியே வந்தது. திருப்தியா மூடி வெச்சுட்டேன். தெரிந்த தம்பி ஒருவர் தன் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு அந்த வரைபடத்தைக் கேட்டார். அனுப்புவதற்கு முன் பழைய ஃபைலில் கிடந்த அட்டவணையோடு சும்மா ஒப்பிட்டுப் பார்த்தேன். 1 மீட்டர் ஊசல், 90 டிகிரி வீச்சு. பழையது சொன்னது 2.37 வினாடி. புதுசு 2.66. பள்ளிச் சூத்திரத்தின்படி 2.01.

காரணம் இதுதான். இந்தத் தொகையீட்டை எழுத இரண்டு வழக்கங்கள் உண்டு. ஒன்றில் சார்புக்குக் கொடுப்பது கே என்ற எண். இன்னொன்றில் கொடுப்பது எம். கே-யின் வர்க்கம்தான் எம். மேப்பிள் கேட்பது கே, சிம்பை கேட்பது எம். 90 டிகிரி வீச்சுக்கு கே என்பது சைன் 45, அதாவது 0.7071. சிம்பைக்கு நான் கொடுத்திருக்க வேண்டியது 0.5. அது 0.7071-ஐ வாங்கிக்கொண்டு, தன் வழக்கப்படி சரியாகவே கணக்குப் போட்டுக் கொடுத்தது. ரெண்டு பேர் மேலயும் குத்தம் இல்லை. வழக்கம் மாறுவதைக் கவனிக்காதது நான்தான்.

என் சோதனை ஏன் காப்பாற்றவில்லை? 0-வின் வர்க்கமும் 0. இரண்டு வழக்கங்களும் ஒத்துப்போகிற இடத்தில் போய் நின்றுகொண்டு வித்தியாசத்தைத் தேடியிருக்கிறேன்.

இதே மாதிரி இன்னொன்று. ஒரு புள்ளியின் திசைக்கோணத்தைக் கண்டுபிடிக்கும் ஆர்க்டேன் சார்புக்கு மேத்தமேட்டிகாவில் முதலில் எக்ஸ், பிறகு ஒய் கொடுக்கணும். சிம்பையிலும் மேப்பிளிலும் முதலில் ஒய், பிறகு எக்ஸ். மாற்றும்போது வரிசையை மறந்துவிட்டு (1, 1) என்ற புள்ளியில் சோதித்தால் இரண்டிலும் 45 டிகிரிதான் வரும். (2, 1) போட்டால் உடனே குட்டு வெளிப்படும்.

அதனால் இப்போது என் பழக்கம் இது. சிறப்புச் சார்பு எது வந்தாலும், இரண்டு கையேட்டிலும் அதன் வரையறையைத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பேன். பெயர் ஒன்றாக இருந்தால் இன்னும் கவனமாக. பிறகு 0, 1, 45 டிகிரி மாதிரி அழகான எண்களை விட்டுவிட்டு 0.37, 1.13 மாதிரி எந்தச் சமச்சீரும் இல்லாத எண்களைப் போட்டு இரண்டு பக்க விடையையும் பத்து இலக்கம் வரை ஒப்பிடுவேன். சூத்திரங்கள் பார்வைக்கு வேறு வேறு வடிவத்தில் வந்தாலும் பரவாயில்லை, எண்கள் ஒத்துப்போகணும்.

இன்னொன்றும் சொல்லணும். பழைய மென்பொருளுக்கு லைசென்ஸ் முடிவதற்கு முன்பே விடைகளை எண்களாக ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் சேமித்து வையுங்கள். எனக்கு அந்த அட்டவணை கிடந்தது அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் 2.66 இன்று அந்தத் தம்பியின் ரிப்போர்ட்டில் இருந்திருக்கும், யாருக்கும் சந்தேகமே வந்திருக்காது.