காட்டின் வரவு செலவு

மரங்கள் கரியமில வாயுவை உட்கொண்டு பிராணவாயுவை வெளியிடுகின்றன என்பது நாம் அனைவரும் பள்ளிப் பருவத்திலேயே கற்ற செய்தி. ஆயினும் ஒரு காடு ஓராண்டில் எவ்வளவு கரியமில வாயுவைப் பெறுகிறது, எவ்வளவைத் திருப்பித் தருகிறது, இந்தக் கொடுக்கல் வாங்கலுக்காக எவ்வளவு நீரைச் செலவிடுகிறது என்று வினவினால், பாடப் புத்தகம் விடை கூறாது. அளந்து பார்த்தே கூறல் வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத வாயுவை, ஓயாது வீசும் காற்றின் நடுவே எங்ஙனம் அளப்பது? அந்த முறையையும், அதனால் நமக்கு விளையும் பயனையும் இங்கே காண்போம்.

முதற்கண், காடு வாங்குவது மட்டும் அன்று, கொடுப்பதும் உண்டு என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும். பகலில் இலைகள் சூரிய ஒளியின் துணையால் கரியமில வாயுவை உணவாக மாற்றிக்கொள்கின்றன. ஆனால் இரவும் பகலும் மரங்கள் சுவாசிக்கின்றன, வேர்கள் சுவாசிக்கின்றன, உதிர்ந்த சருகைத் தின்று வாழும் மண்ணின் நுண்ணுயிர்களும் சுவாசிக்கின்றன. இவை யாவும் கரியமில வாயுவை வெளிவிடும் செயல்களே. வரவிலிருந்து செலவைக் கழித்து எஞ்சுவதே காட்டின் சேமிப்பு. வரவும் பெரிது, செலவும் பெரிது, எஞ்சுவதோ சிறிது. ஆகவே கணக்கில் சற்றே பிழை நேர்ந்தாலும் இலாபம் நட்டமாகத் தோன்றும். நட்டம் இலாபமாகத் தோன்றும்.

இரண்டாவதாக, இந்த வாணிகத்திற்கு ஒரு விலை உண்டு. இலையின் மேல் உள்ள நுண்ணிய துளைகள் திறந்தால்தான் கரியமில வாயு உள்ளே நுழையும். துளை திறந்த அக்கணமே உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறும். ஓர் அணுத்திரள் கரியமில வாயுவைப் பெறுவதற்குப் பல நூறு அணுத்திரள் நீரை மரம் இழக்கிறது. ஒரு சதுர மீட்டர் நிலத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் நீர் ஆவியாயிற்று எனில், ஒரு லிட்டர் தண்ணீர் விண்ணில் கலந்தது என்பது பொருள். எனவே கரியின் கணக்கையும் நீரின் கணக்கையும் தனித்தனியே எழுத இயலாது. இரண்டும் ஒரே ஏட்டின் இரு பக்கங்கள்.

இந்த ஏட்டை எழுதும் பணியில் நம் நாட்டில் முன்னிற்கும் நிறுவனம் புனே நகரத்திலேயே இருக்கிறது என்பது, அந்நகரில் வாழும் தமிழ் அன்பர்களுக்கு மகிழ்ச்சி தரும். விஷ்ராந்த்வாடியிலிருந்து நகரைக் கடந்து மேற்கே சென்றால் பாஷாண் என்னும் பகுதி வரும். 1962ஆம் ஆண்டில் தோன்றிய இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம் அங்கேதான் உள்ளது.

நிலத்தை ஒட்டிய காற்றை ஆராயும் கலை புனேக்குப் புதியதன்று. 1932ஆம் ஆண்டில் வேளாண்மைக்குரிய வானிலைப் பிரிவு அங்கே தொடங்கப்பட்டபோது, அதன் பொறுப்பை ஏற்றவர் பாலக்காட்டில் பிறந்த டாக்டர் எல். ஏ. ராமதாஸ். காற்று அசையாத தெளிந்த இரவில் தரையே மிகவும் குளிர்ந்திருக்கும் என்று உலகம் நம்பியிருந்தது. அவரும் ஆத்மநாதன் என்பவரும் அளந்து பார்த்து, தரைக்குச் சற்று மேலே உள்ள காற்றே மிகவும் குளிர்ந்திருக்கக் கூடும் என்று அவ்வாண்டிலேயே எழுதினர். பிற நாட்டு அறிஞர் பலர் முதலில் அதனை ஒப்பவில்லை. பின்னர்ப் பிறரும் அளந்து கண்டு ஏற்றனர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மணி அம்மையார் 1948ஆம் ஆண்டில் புனே வானிலை அலுவலகத்தில் சேர்ந்து, வானிலைக் கருவிகளை நம் நாட்டிலேயே செய்வதற்கு வழி வகுத்தார். ஊகத்தை நம்பாது கருவியை நம்பும் மரபு அங்கே வேரூன்றியது இவ்வாறுதான்.

இனி அளக்கும் முறைக்கு வருவோம். விஷ்ராந்த்வாடிச் சந்திப்பில், ஆளந்திச் சாலை ஓரத்தில், ஒருவர் அரை மணி நேரம் நின்று பஸ்களைக் கவனிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஞானேசுவரரின் பல்லக்கு ஆண்டுதோறும் செல்லும் அதே சாலைதான். புனே நோக்கி 20 பஸ்கள் போயின. ஆளந்தி நோக்கி 20 பஸ்கள் போயின. பஸ்களை மட்டும் எண்ணினால் போக்கும் வரவும் சமம். ஏதும் நிகழவில்லை என்றே தோன்றும். ஆனால் புனே சென்ற ஒவ்வொரு பஸ்ஸிலும் 50 பேர், ஆளந்தி சென்ற ஒவ்வொன்றிலும் 30 பேர் இருந்தனர் எனில், 400 பேர் நகருக்குள் மிகுதியாக வந்துவிட்டனர் என்பது விளங்கும். பஸ்ஸின் திசையையும், அதில் ஏறியிருக்கும் ஆட்களின் தொகையையும் ஒருங்கே குறித்தால்தான் உண்மை வெளிப்படும்.

காட்டின் மேல் வீசும் காற்றும் அத்தகையதே. அது நேராக ஓடுவதில்லை. சிறிதும் பெரிதுமான சுழல்களாகப் புரண்டு செல்கிறது. ஒரு சுழல் மேலே எழுகிறது. மற்றொன்று கீழே இறங்குகிறது. மொத்தத்தில் ஏறிய காற்றும் இறங்கிய காற்றும் ஏறக்குறையச் சமம். ஆனால் நண்பகலில் இறங்கும் சுழல் கரியமில வாயுவை மிகுதியாகச் சுமந்து வரும். இலைகளிடம் அதைக் கொடுத்துவிட்டு ஏறும் சுழல் குறைவாகவே சுமந்து செல்லும். அந்த வேறுபாடே காட்டின் வரவு. நீராவிக்கு இது தலைகீழ்: இறங்கும் காற்று வறண்டிருக்கும், ஏறும் காற்று ஈரமாயிருக்கும். இதனைச் சுழற்காற்று அளவை முறை என்று கூறலாம். ஆஸ்திரேலியாவில் ஸ்வின்பாங்க் என்னும் அறிஞர் 1951ஆம் ஆண்டில் இம்முறையால் நீராவியையும் வெப்பத்தையும் அளக்கும் வழியை வெளியிட்டார். விரைந்து செயற்படும் கருவிகளும் கணிப்பொறிகளும் வந்த பின்னரே அது காடுகளில் ஆண்டு முழுவதும் நடைபெறலாயிற்று. அமெரிக்காவின் ஹார்வர்டு காட்டில் 1990ஐ ஒட்டித் தொடங்கிய அளவை இன்றுவரை நிகழ்கிறது.

இதற்கு வேண்டுவன, மர உச்சியையும் தாண்டி நிற்கும் இரும்புக் கோபுரம் ஒன்று, அதன் மேல் இரு கருவிகள். முதற் கருவி ஒலியைக் கொண்டு காற்றை அளப்பது. ஒரு சாண் இடைவெளிக்குள் எதிரெதிரே அமைந்த முனைகளுக்கிடையே ஒலித் துடிப்புகள் பாய்கின்றன. காற்றோடு செல்லும் ஒலி விரைந்து சேரும். எதிர்த்துச் செல்லும் ஒலி தாமதிக்கும். அந்த வேறுபாட்டிலிருந்து காற்றின் வேகமும் திசையும் தெரிகின்றன. இரண்டாவது கருவி அகச்சிவப்புக் கதிரைக் காற்றினூடே செலுத்துகிறது. கரியமில வாயுவும் நீராவியும் அக்கதிரைத் தத்தம் இயல்புக்கேற்ப விழுங்குவதால், எஞ்சிய கதிரைக் கொண்டு அவற்றின் அளவை அறியலாம். இரண்டும் ஒரு வினாடிக்குப் பத்து முறை அளப்பதாயின், அரை மணி நேரத்திற்கு 18,000 குறிப்புகள் சேரும். அவற்றைச் சேர்த்து ஒரே எண்ணாகச் சுருக்குகிறார்கள்.

புனே நிறுவனத்தார் இத்தகைய கோபுரங்களை நாட்டின் பல பகுதிகளில் அமைத்துள்ளனர். அவற்றுள் ஒன்று அஸ்ஸாமில் காசிரங்கா காட்டில் 50 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. மழைக்காலத்தில்தான் காடு செழிக்கும், அப்போதுதான் கரியமில வாயுவை மிகுதியாக ஈர்க்கும் என்று நாம் எண்ணுவோம். கோபுரம் கூறியது வேறு. மழைக்கு முந்திய மார்ச், ஏப்ரல், மே மாதங்களிலேயே வரவு மிகுந்திருந்தது. பருவமழை தொடங்கியதும் மேகம் கவிந்து ஒளி குறைந்தது. இலைகளின் உழைப்பும் குறைந்தது. பின்வந்த மாதங்களில் செலவே மேலோங்கியது. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்த ஓர் ஆய்வு, அங்கே வரவைவிட வெளிவிட்டதே மிகுதி என்று முடிவு கூறிற்று. பசுமையாய்த் தோன்றும் காடெல்லாம் எப்போதும் சேமிக்கும் காடு என்று கொள்ளலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

மற்றொரு கோபுரம் நமக்கு அண்மையானது. சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தின் சுரபுன்னைக் காட்டில், புனே நிறுவனத்தாரும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் கூடி இவ்வளவையை நடத்தினர். நன்னீரும் கடல்நீரும் கலக்கும் இடம் அது. மழை குறைந்து ஒளியின் ஒழுங்கும் மாறிய காலத்தில் அக்காடு உட்கொள்ளும் கரியின் அளவும் குறைந்ததை அங்கே கண்டனர். காலடியில் எந்நேரமும் நீர் நிற்கும் காட்டுக்கும் வானத்து மழை வேண்டியிருக்கிறது.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. இரவில் காற்று ஓய்ந்துவிட்டால் சுழல்கள் எழுவதில்லை. காடு வெளிவிட்ட வாயு கோபுரத்தின் உச்சியை எட்டாமல் கீழேயே தேங்கும். கனமழையில் கருவியின் கண்ணாடி நனைந்து குறிப்பு கெடும். மலைச்சரிவில் காற்று பக்கவாட்டில் வழிந்து கணக்கைக் குலைக்கும். விடுபட்ட நேரங்களை நிரப்ப ஆய்வாளர் மதிப்பீட்டைத் துணைக்கொள்ள வேண்டியவராகின்றனர். மேலும் ஒரு கோபுரம் தன்னைச் சுற்றிய சில நூறு மீட்டர் முதல் ஓரிரு கிலோமீட்டர் வரை உள்ள இடத்துக்கே சாட்சி கூறும். புனே நகரில் ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர். மலைமேல் உள்ள மகாபலேஷ்வரத்தில் அது 5,000ஐ மிஞ்சும். இவ்வளவு வேறுபட்ட நிலங்களுக்கு ஒரே கணக்கு பொருந்துமா? ஆகவேதான் பல கோபுரங்கள் வேண்டும். ஒவ்வொன்றும் பல ஆண்டுகள் நிற்கவும் வேண்டும்.

இத்தனை உழைப்பும் எதற்கு என்று சிலர் கேட்கலாம். 1958ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவில் முறையான அளவை தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமில வாயு சுமார் 315 பங்கு இருந்தது. இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது. காடுகளையும் மரங்களையும் பெருக்கி, 2030ஆம் ஆண்டுக்குள் 250 முதல் 300 கோடி டன் வரை கூடுதலான கரியமில வாயுவை ஈர்க்கச் செய்வதாக 2015இல் நம் நாடு உலகத்தின் முன் வாக்களித்தது. வாக்கு நிறைவேறியதா என்பதை நட்ட கன்றுகளின் எண்ணிக்கை கூறாது. கன்று பிழைத்ததா, வளர்ந்ததா, அந்நிலம் தாங்கும் அளவுக்குத்தான் நீரைப் பருகிற்றா என்பதை அளவையே கூறும். வறண்ட நிலத்தில் மிகுதியான நீரைக் குடிக்கும் மரங்களை நெருங்க நட்டால், கரி சேரும், கிணறு வற்றும்.

தமிழகத்தில் நிலமும் உறவும் உடைய நமக்கு இதனினும் நெருங்கிய காரணம் ஒன்றுண்டு. தென்மேற்குப் பருவக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து வரும்போது, அம்மலைக் காடுகள் வெளிவிடும் ஈரத்தையும் ஏந்தி வருகிறது. அப்பருவத்தில் தமிழகம் பெறும் மழையில் கணிசமான பங்கு இந்த ஈரத்தால் விளைவது என்றும், மழை குறைந்த ஆண்டுகளில் அப்பங்கு மேலும் உயர்கிறது என்றும் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 2018ஆம் ஆண்டில் கணக்கிட்டு வெளியிட்டனர். நல்ல ஆண்டில் கடல் கொடுக்கிறது. வறண்ட ஆண்டில் காடு கைகொடுக்கிறது. மலைமேல் ஒரு காடு அழிந்தால், அதன் இழப்பு மலைக்குக் கிழக்கே, தொலைவில் உள்ள உழவனின் வயலிலும் தெரியும். அக்கணக்கு கணிப்பொறியின் துணையால் போடப்பட்டது; இத்தகைய கணக்குகளை மண்ணில் நின்று சரிபார்க்க வல்லவை கோபுரங்களே.

காட்டைப் போற்றுவது நம் பழைய பண்பு. அதனைக் கைவிட வேண்டுவதில்லை. போற்றுதலோடு அளத்தலும் சேர வேண்டும் என்பதே இன்றைய தேவை. எத்தனை மரம் நட்டோம் என்று எவரேனும் பெருமை கூறும்போது, அவை எவ்வளவு கரியைச் சேர்த்தன, எவ்வளவு நீரைச் செலவிட்டன, எத்தனை ஆண்டுகள் அளந்து இதனைக் கூறுகிறீர்கள் என்று கேட்கும் உரிமை நம் ஒவ்வொருவர்க்கும் உண்டு. அக்கேள்விக்கு எண்களால் விடை கூறும் நாளில்தான், காட்டை நாம் உண்மையிலேயே காக்கத் தொடங்கினோம் என்று சொல்லலாம்.