உங்களுக்குத் தெரியுமா? மலைக்கு மலை வேறு வண்டு!
தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் மலையுச்சிகளில் 'கொலோஃபோன்' என்னும் மான்கொம்பு வண்டுகள் வாழ்கின்றன. இவற்றால் பறக்க முடியாது. வெப்பமான பள்ளத்தாக்கைத் தாண்டி அடுத்த மலைக்குப் போக வழியில்லாததால், காலப்போக்கில் தனித்தனி இனங்களாகவே பிரிந்துவிட்டன. எவ்வளவு அழகான தனிமை!

முதல் இனம் 1832இல் விவரிக்கப்பட்டது. பின்னர் 1929 முதல் பல இனங்களுக்குப் பெயர் சூட்டியவர் கேப் டவுன் அருங்காட்சியகத்தின் கெப்பல் பார்னார்ட். மலையேற்றத்தில் பேரார்வம் கொண்டவர் அவர்.

புதிய இனமென்று நிறுவ, ஆண் வண்டின் தாடையையும் முன்கால்களையும் ஏற்கெனவே அறிந்த இனங்களோடு நுணுக்கமாக ஒப்பிட வேண்டும். சான்றாக ஒரு வண்டை வகைமாதிரியாகப் பாதுகாப்பதும் கட்டாயம்.

சேகரிப்பாளர்கள் பெருந்தொகை கொடுப்பதால் திருட்டு வேட்டை இவற்றுக்குப் பெரும் ஆபத்து. அனுமதியின்றிப் பிடிப்பது அங்கே குற்றம்.