கால் உணரவில்லை, ஆனாலும் வலிக்கிறது: ஏன்?



"டீச்சர், மாமாவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லைன்னு சொல்றாங்க. அப்புறம் எப்படிக் கால் எரியுது?" நரம்பு மண்டலப் பாடத்தில் ஒரு மாணவர் இப்படிக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? ‘அது வெறும் பிரமை’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த வலி உண்மையானது.

வலி எங்கிருந்து வருகிறது?

விபத்தில் தண்டுவடம் சேதமானால், காலிலிருந்து மூளைக்குப் போகும் செய்தி தடைபடும். ஆனால் நரம்பணுக்கள் சும்மா இருப்பதில்லை. தண்டுவடத்திலும் மூளையிலும் அவை அளவுக்கு மீறித் தூண்டப்படுகின்றன. மூளை அதைக் காலில் எரிச்சல், குத்தல், ஷாக் அடிப்பது போன்ற வலியாக உணர்கிறது. மருந்து பலருக்குப் போதுமான பலன் தருவதில்லை.

அறுவை இல்லாத மூளைத் தூண்டல்

• காந்த முறை: தலைமேல் வைக்கும் கம்பிச் சுருள் காந்தத் துடிப்புகளை அனுப்பும். அவை மூளையில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்கும். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கர் குழுவினர் இதைச் செய்து காட்டினர்.

• மின்னோட்ட முறை: ஈரப் பஞ்சு வைத்த மின்முனைகள் வழியாகத் தலையில் மெல்லிய நேர் மின்னோட்டம் செலுத்தப்படும். பெரும்பாலும் உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியே இலக்கு.

2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தண்டுவடம் அடிபட்ட 17 பேர் பங்கேற்றனர். 2 மில்லிஆம்பியர், தினமும் 20 நிமிடம், 5 நாள். ஒரு பிரிவினருக்கு மட்டும் சுமார் 30 விநாடியில் கருவி அணைக்கப்பட்டது. தொடக்கத்தில் வரும் தோல் கூச்சம் இருவருக்கும் ஒன்றுதான். அதனால் தமக்குக் கிடைத்தது உண்மையா, போலியா என்று கண்டுபிடிப்பது கடினம். உண்மையான தூண்டல் பெற்றவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது.

2010இல் பார்சிலோனா ஆய்வாளர்கள், தம் கால்கள் நடப்பதுபோன்ற காட்சியையும் நோயாளிகளுக்குக் காட்டினர். இரண்டும் சேர்ந்தபோது பலன் அதிகம்.

ஆனாலும் இது முழுக் குணம் அல்ல. ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. பலன் பலருக்குச் சில காலமே நீடிக்கிறது.

வகுப்பில்

‘ஏன் போலித் தூண்டல் தேவை?’ என்று மாணவர்களைக் கேளுங்கள். கட்டுப்பாட்டுக் குழுவை விளக்க நல்ல எடுத்துக்காட்டு இது. பேட்டரியை வைத்து வீட்டில் முயற்சி செய்யக்கூடாது, தோல் புண்ணாகும், வேறு ஆபத்தும் உண்டு என்பதையும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்ட மாணவரிடம், "மாமா சொல்றது உண்மைதான். அவர் வலிக்குதுன்னு சொன்னா நம்புங்க. டாக்டர்கிட்டயும் மறைக்காம சொல்லச் சொல்லுங்க" என்று சொல்லுங்கள். வீட்டில் அவர் கேட்க விரும்புவதும் அதுவாக இருக்கலாம்.