பட்டியலில் இடமில்லாதவர்

ஓர் அணியைத் தேர்ந்தெடுப்பது என்றதும் யாரைச் சேர்ப்பது என்றே நாம் நினைக்கிறோம். யாரை விடுவது என்பதுதான் பெரும்பாடு.

நெதர்லாந்தைச் சேர்ந்த சரீனா வீக்மன் அம்மையார், 2017-இல் தம் நாட்டுப் பெண்கள் அணிக்கு ஐரோப்பியக் கோப்பையை வென்று தந்தவர். 2021 செப்டம்பரில் இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்து அணியின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். அங்கே 2014 முதல் தலைவியாக இருந்தவர் ஸ்டெஃப் ஹோட்டன். 121 பன்னாட்டு ஆட்டங்கள் ஆடியவர். குதிகால் காயத்தால் அவர் விலகியிருந்தபோது, 2022 ஏப்ரலில் தலைமை 25 வயது லியா வில்லியம்சனிடம் சென்றது. ஜூன் மாதம் 28 பேரிலிருந்து 23 பேரைப் பொறுக்கியபோது ஹோட்டனின் பெயரே இல்லை. அவர் ஆட்டம் ஆடிப் பல மாதங்களாகியிருந்தன. முழங்கால் காயத்திலிருந்து மீண்ட கிளோயி கெல்லிக்கோ இடம் கிடைத்தது. அவர் ஏப்ரலிலேயே களத்துக்குத் திரும்பிவிட்டார். பழைய பெருமையைவிட அன்றைய ஆட்டத் தகுதியே எடுபட்டது.

ஆறு ஆட்டங்களையும் வீக்மன் அதே பதினொருவரைக் கொண்டே தொடங்கினார். அப்படியானால் மற்றவர்கள் வெறும் எண்ணிக்கைக்கா? இல்லவே இல்லை! அலெசியா ரூசோ அடித்த நான்கு கோல்களும் மாற்று ஆட்டக்காரியாக இறங்கி அடித்தவை. ஜூலை 31 அன்று வெம்பிளி அரங்கில் 87,192 பேர் முன்னிலையில் ஜெர்மனியை 2-1 என வென்றபோதும், கோல் அடித்த எல்லா டூன், கெல்லி இருவரும் இடையில் இறங்கியவர்களே. கெல்லியின் வெற்றி கோல் 110-ஆம் நிமிடத்தில் வந்தது.

ஹோட்டன் அதன்பின் இங்கிலாந்துக்காக ஆடவில்லை. 2024-இல் விளையாட்டிலிருந்து ஓய்வு பெற்றார்.