சுவரில் பூஞ்சணம்: செலவு யாருடையது?

மழைக்காலம் முடிந்தால் என்னிடம் வரும் வியாபார நண்பர்கள் சொல்லும் வழக்குகளில் இதுவும் ஒன்று. வாடகை வீட்டுச் சுவரில் பூஞ்சணம். "வீடு உங்களுடையது, நீங்களே செய்து தாருங்கள்" என்கிறார் குடியிருப்பவர். "நான் தரும்போது சுவர் வெள்ளையாகத்தானே இருந்தது" என்கிறார் சொந்தக்காரர். வாய்த்தர்க்கம் முற்றி, கடைசியில் முற்பணத்தில் கை வைக்கப்படுகிறது. பல வருடப் பழக்கமும் அத்தோடு முறிந்து போகிறது.

ஈரம் இல்லாமல் பூஞ்சணம் வளராது. ஆகவே, ஈரம் யாரால் வந்ததோ செலவும் அவருக்கே என்பதுதான் என் கணக்கு. நமது நாட்டில் வாடகை விடயத்தில் செல்லுபடியாகும் ரோமன் டச்சுச் சட்டத்தின் பொதுவான கொள்கையும் இதற்கு ஒத்ததே. வேறுவிதமாக உடன்பட்டிருந்தாலொழிய, கட்டடத்தைப் பாவிக்கத்தக்க நிலையில் வைத்திருப்பது சொந்தக்காரரின் பொறுப்பு. ஒழுங்காகப் பாவித்து, சாதாரண தேய்மானம் நீங்கலாக, பெற்றபடியே திருப்பிக் கொடுப்பது வாடகைக்காரரின் பொறுப்பு.

கூரை ஒழுக்கு, உடைந்த பீலி, சுவருக்குள் வெடித்த குழாய், அத்திவாரத்திலிருந்து ஏறும் ஈரம் ஆகியவை சொந்தக்காரரின் கணக்கில் சேரும். யன்னலைத் திறக்காமல் அறைக்குள் உடுப்புக் காயப்போடுவது, குசினிக் காற்றுத் துவாரத்தை அடைப்பது, ஒழுக்கைக் கண்டும் மாதக்கணக்கில் சொல்லாமல் இருப்பது ஆகியவை வாடகைக்காரரின் கணக்கு.

எது காரணம் என்று தெரியாவிட்டால் ஒரு சோதனை உண்டு. சுவரின் ஒரு பகுதியைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் டேப்பால் இறுக ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் உட்பக்கம் நனைந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்தால் அது அறைக் காற்றின் ஈரம். காரணத்தைத் திருத்தாமல் மேலே பெயின்ட் அடிப்பது காசைச் சுவரில் பூசுவதுதான். அடுத்த மழைக்குப் பூஞ்சணம் திரும்ப வரும். வீட்டில் இழுப்பு நோயுள்ள பிள்ளை இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

கடையும் களஞ்சியமும் வாடகைக்கு எடுத்திருப்போருக்கு நட்டம் இன்னும் பெரிது. பூஞ்சணம் பிடித்த துணியையும் மிளகாயையும் யார் வாங்குவார்? சரக்கைச் சுவரோடு ஒட்டி அடுக்காமல், நிலத்திலிருந்து உயர்த்தி, பலகையின் மேல் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எழுத்து முக்கியம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். அந்த உறுதியிலேயே கூரை, குழாய், பெயின்ட் வேலை யாருடையது என்று குறிப்பிடுங்கள். சாவி வாங்கும் நாளில் சுவர்களைப் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். ஒழுக்கைக் கண்டால் அன்றே எழுத்தில் அறிவியுங்கள்.

அப்படியும் இணங்காவிட்டால், வாடகையை நிறுத்தி வம்பை வளர்க்க வேண்டாம். நிலுவை விழுந்தால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட மத்தியஸ்த சபை உங்கள் பகுதியிலும் இருக்கும். நீதிமன்றப் படி ஏறுமுன் அங்கே பேசிப் பாருங்கள்.